மூணு பையன் உள்ள அப்பாவும் பொண்டாட்டி இல்லாத அப்பாவும்

ரெண்டு ராத்திரியும் ஒரு முழுப் பகலும் ரயில்ல உக்காந்து, கட்டிட்டு வந்த புளியோதரை தீந்து, தண்ணி தீந்து, பக்கத்து சீட்டுக்காரங்கிட்ட பேசப் பாஷையும் தீந்து போற தூரத்துல ஒரு பெரிய நகரம் இருந்துச்சு. அந்த நகரத்துல, இல்லாதப்பட்டவங்களப் பத்தி மட்டுமே படிக்கிறதுக்குன்னு, இல்லாதப்பட்டவங்க யாரும் தெரியாத்தனமா உள்ள வந்துடக் கூடாதுன்னு உயரமா காம்பவுண்டு சுவர் வச்சு, ஒரு சமூக அறிவியல் பல்கலைக்கழகம் இருந்துச்சு. அந்தச் சுவத்துக்குள்ள, வேப்பமரத்துக்குக் கீழ நாலு பேரு உக்காந்து டீ குடிச்சா அது செமினாரு, அஞ்சாவது ஆளு வந்து உக்காந்தா அது மாநாடு. அங்கதான் தென்காசிப் பக்கம் ஆழ்வாநேரியிலேர்ந்து போன இசக்கியம்மாள், ஆறு வருஷமா உக்காந்து ஆழ்வாநேரியப் பத்தியே ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தா. ஊர்ல இருந்தே அந்த ஊரப் பாத்திருக்கலாமேன்னு கேட்டா, அங்க இருந்து பாத்தா ஊரு தெரியாதாம், அது ஒரு தூரத்துலேர்ந்து பாத்தாத்தான் தெரியுமாம். கெல்கர் மேடம் சொன்னது. கெல்கர் மேடம்தான் இசக்கிக்குக் கைடு.

இசக்கியோட அப்பா பேரு சொரிமுத்து. ஆழ்வாநேரியில வீட்டுக்கு வீடு பொம்பளைங்க பீடி சுத்துவாங்க. சுத்துன பீடியக் கட்டுக்கட்டாத் தட்டுல வச்சுக் காலையில பீடிக்கடைக்குத் தூக்கிட்டு வந்தா, அங்க சப்பணம் போட்டு உக்காந்து அத வாங்குற காண்ட்ராக்டர் சொரிமுத்துதான். ஒரு கட்ட எடுப்பாரு, காதுகிட்ட வச்சு உருட்டுவாரு, ஏதோ அது ரகசியம் சொன்ன மாதிரி முகத்தச் சுளிப்பாரு, "இது கழிவு"ன்னு ஓரமாத் தள்ளுவாரு. கழிவுன்னா கூலி கிடையாது. கூலி கிடையாதுன்னா பீடியத் திருப்பிக் குடுக்கணும்ல? அதுவும் கிடையாது. அது எங்க போகும்னு சொரிமுத்துக்கும் தெரியும், அதப் பத்த வச்சு இழுக்கிறவனுக்கும் தெரியும்.

சாயங்காலமாச்சுன்னா அதே சொரிமுத்து, முகத்தக் கழுவி, சட்டைய மாத்தி, செவப்புத் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, அதே பீடிக்கடை வாசல்ல நின்னு, "கழிக்காதே கழிக்காதே, உழைச்ச பீடியக் கழிக்காதே"ன்னு தொண்டை கிழியக் கோஷம் போடுவாரு. பீடித் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளரும் அவருதான். ஊர்ல மைக்குல பேசுறதுக்கு அவர விட்டா ஆளில்ல. அவரு முன்னால நின்னு கத்துற அந்தக் கடை பூட்டிக் கெடக்கும், பூட்டோட சாவி அவரு இடுப்புல கெடக்கும், கையத் தூக்கித் தூக்கிக் கோஷம் போடுறப்ப அந்தச் சாவி கிணுகிணுன்னு தாளம் போடும். யாரும் ஒண்ணும் நினைக்கல. மனுசன்னா ரெண்டு வேலை பாக்கிறதுதானே.

ஒண்ணே ஒண்ணு. நெறையக் கழிச்ச அன்னைக்கு, வீட்டுக்குப் பரோட்டாப் பொட்டலம் வரும். வாழையிலையப் பிரிச்சு, சால்னாவ ஊத்திக்கிட்டே, "இன்னைக்கு எவ வீட்டு அடுப்பு எரியலையோ"ம்பா இசக்கியோட அம்மா ஆவுடையம்மாள். சொரிமுத்து சுவத்தப் பாத்துக்கிட்டு, "மொதல்ல சாப்பிடுங்க"ம்பாரு. இசக்கி அதத் தின்னுதான் வளந்தா.

இப்ப, அந்தப் பல்கலைக்கழகத்துல ஒரு வழக்கம். யாரப் பத்தி தீசிஸ் எழுதுறோமோ அவங்க யாருன்னு யாருக்கும் தெரியக் கூடாது. பேர மாத்தணும். வயச மாத்தணும். அப்பவும் தெரிஞ்சுரும்னு பயம் இருந்தா, ஒரே ஆள ரெண்டு ஆளாப் பிரிச்சு எழுதிடலாம். அது தப்பில்ல, அது ஒரு முறை, அதுக்குப் பேரெல்லாம் இருக்கு. சொந்த அப்பனையே கழிச்சவரும் கழிக்காதேன்னு கத்துனவருமா அச்சடிச்சா ஊர்ல தலைகாட்ட முடியாதேன்னு, இசக்கி அவரப் பிரிச்சா. காண்ட்ராக்டருக்கு ராசையான்னு பேரு வச்சா. வயசக் கூட்டி, பெரிய மீசை வச்சு, மூணு ஆம்பளப் பிள்ளைகளக் குடுத்தா. சங்கச் செயலாளருக்குத் தவசின்னு பேரு வச்சா. வயசக் கொறச்சு, பொண்டாட்டி செத்துப்போயிட்டதா எழுதுனா. "இன்னும் கொஞ்சம் 'மறைக்கலாமே'"ன்னு கெல்கர் மேடம் ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு விரல மேற்கோள் குறி மாதிரி மடக்கிக் காட்டினாங்க. அவங்களுக்கு எதச் சொன்னாலும் அப்படி விரல மடக்கணும். டீ வேணும்னாலும் 'டீ'ம்பாங்க. சரின்னு தவசிக்கு எடது கால நொண்டியாக்குனா இசக்கி. ராசையா கழிக்கிறதும் தவசி அத எதுத்துப் போராடுறதும்தான் அஞ்சாவது அத்தியாயம். அதுதான் தீசிஸுக்கே முதுகெலும்புன்னு எல்லாரும் சொன்னாங்க.

ஆபீஸ்ல கிளார்க்கு தீசிஸ் மேல 'டப்'புன்னு சீல் குத்துன அந்த நேரத்துல, ஆழ்வாநேரியில சொரிமுத்து குளிச்சிட்டிருந்தாரு. குளிச்சு முடிச்சு அவரு வெளிய வரல. பெரிய மீசையோட ஒருத்தரு வந்தாரு. பின்னாலயே நொண்டிக்கிட்டு ஒருத்தரு வந்தாரு.

போன் வந்துச்சு.

"ஏட்டி இசக்கி, உங்கப்பா ரெண்டு பேரா வந்துட்டாவ."

"எங்கேர்ந்தும்மா?"

"குளிச்சிட்டு."

"நல்லாப் பாத்தியாம்மா?"

"நல்லாப் பாக்காம? துண்டு ஒண்ணுதானட்டி இருந்துச்சு."

மீசையும் நொண்டியும்னு அம்மா சொன்ன உடனேயே இசக்கிக்குப் புரிஞ்சு போச்சு. "அப்பாகிட்ட குடும்மா"ன்னா. "எந்த அப்பா?"ன்னா ஆவுடையம்மா. மொதல்ல மீசைக்காரர்கிட்ட போச்சு போன்.

"அப்பா, நான் இசக்கிப்பா."

"எந்த இசக்கி? எனக்கு மூணும் ஆம்பளப் பிள்ளையல்லா. எங்க போய்த் தொலைஞ்சானுவளோ மூணு பேரும், காலையிலேர்ந்து தேடுதேன். ஏன் தாயி, நீ பாத்தியா?"

அடுத்தது நொண்டிக்கிட்டு வந்தவரு வாங்கினாரு.

"வணக்கம், தோழர் தவசி பேசுதேன். எந்தப் பத்திரிகைம்மா நீங்க?"

இசக்கி போன வச்சிட்டு, வேப்பமரத்தடியில போய் உக்காந்தா. ஆறு வருஷம் எழுதி, அப்பாவ யாருக்கும் அடையாளம் தெரியாம மறைச்சாச்சு. அவ்வளவு நல்லா மறைச்சதுல, அப்பாவுக்கே மக அடையாளம் தெரியாமப் போச்சு.

ஊர் பேரையும்தான் அவ மாத்தி எழுதியிருந்தா. ஊரு அதுக்கெல்லாம் அசையல, பஸ்ஸுக்காரன் ஒத்துக்கணும்ல. ஆளுக ரெண்டானதப் பத்தியும் ஆழ்வாநேரி பெருசா அலட்டிக்கல. ஒரு வாரம் எட்டிப் பாத்தாங்க, அப்புறம் பழகிட்டாங்க. நாவிதர் ஒருத்தருக்கு மீசைய ஒதுக்கினாரு, ஒருத்தருக்கு வழிச்சாரு. கோயில் கொடையில ஒரு மாலைய ரெண்டாக் கத்திரிச்சுப் போட்டாங்க. ரேஷன் கடையில, "கார்டுல ஒரு சொரிமுத்துதான் இருக்காரு, நீங்க ரெண்டு பேருமே அவரு இல்லங்கீய, அப்ப ஒரு பேரக் கொறச்சுருதேன்"னு சொல்லி நிஜமாவே கொறச்சுட்டாங்க. மூணு பையன் எங்க எங்கன்னு ராசையா தெருத்தெருவாத் தேடி அழுததப் பாக்கச் சகிக்காம, பஸ் ஸ்டாண்டுல வெட்டியா உக்காந்திருந்த மூணு தடிப்பயலுவ போய், "அப்பா"ன்னு நின்னானுங்க. அவரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. மூணு பேரையும் பீடிக்கடையில கழிக்கிற வேலைக்கு உக்கார வச்சாரு.

தவசி, சங்க ஆபீஸுக்குப் படுக்கையக் கொண்டு போயிட்டாரு. தண்ணி குடிக்க வீட்டு வாசலுக்கு வந்தா, ஆவுடையம்மாவ நிமுந்து பாக்காம, "தங்கச்சி, ஒரு சொம்புத் தண்ணி"ம்பாரு. முப்பது வருஷம் குடும்பம் நடத்துன மனுசன் தங்கச்சிங்கிறதக் கேட்டு, மொதல் நாளு சொம்பையே போட்டு உடைக்கப் பாத்தா ஆவுடையம்மா. ராசையாவுக்குப் பொண்டாட்டி உண்டா இல்லையான்னு தீசிஸ்ல ஒண்ணும் எழுதல. அதனால அவரு அவள ஒரு நாள் பொண்டாட்டின்னு நினைப்பாரு, ஒரு நாள் சமையக்காரின்னு நினைப்பாரு. ரெண்டுக்கும் அப்படி ஒண்ணும் வித்தியாசம் தெரியலன்னு ஆவுடையம்மா சொன்னா.

மொதல்ல பீடி சுத்துற பொம்பளைங்களுக்குக் கொண்டாட்டமாத்தான் இருந்துச்சு. பேச்சித்தாய்னு ஒருத்தி, சொரிமுத்து கழிச்சதுலயே அதிகமா அழுதவ, இசக்கிக்குப் போன் போட்டுச் சொன்னா: "எக்கா, முன்னாடியெல்லாம் உங்கப்பா கோஷம் போடும்போது ஓரக்கண்ணால சிரிப்பாவ. இப்ப இந்தத் தவசி அண்ணன் போடுற கோஷத்துக்குக் கல்லே எந்திரிச்சு நடக்கும். சாவிச் சத்தமே கேக்கல!"

ஒரு மாசம் போச்சு. மறுபடி போன் வந்துச்சு. இந்தத் தடவை கொரல் எறங்கியிருந்துச்சு. "எக்கா, காலையில அந்த மீசை தட்டோட கழிக்கான். கட்டு கட்டா இல்ல, தட்டோட. முன்னாடி இருந்தவருக்குக் காலையில கழிச்சா சாயங்காலம் வெக்கம் வரும். இவனுக்குச் சாயங்காலமே வர மாட்டேங்கு. அந்த அண்ணன் என்னடான்னா, ஸ்ட்ரைக்குன்னு சொல்லிட்டாரு. எப்ப முடியும்னு கேட்டா, வெற்றி வரைக்கும்கிறாரு. அவருக்கென்ன, ஒத்தக் கட்டை. எங்க வீட்டுல வெற்றி வரைக்கும் அரிசி இல்லக்கா."

இதெல்லாம் பல்கலைக்கழகத்துக்கும் தெரிஞ்சுது. ஊரு பழகுறதுக்கு ஒரு வாரமாச்சு. பல்கலைக்கழகத்துக்கு அரை மணி நேரம் போதும், அவங்க எதையும் ஏற்கனவே படிச்சிருப்பாங்க. "அற்புதம்"னாங்க கெல்கர் மேடம். "'அப்பா'ங்கிற கருத்தாக்கமே உடைஞ்சிருக்கு பாரு!" மூணு நாள் கருத்தரங்கு அறிவிச்சாங்க, போஸ்டர்ல ரெண்டு துண்டு படம் போட்டாங்க. ஒழுக்க நெறிக் கமிட்டி இசக்கியக் கூப்பிட்டு, "ஆராய்ச்சிக்கு ஒரு ஆள்கிட்டதான் சம்மதக் கையெழுத்து வாங்கியிருக்கீங்க, இப்ப ரெண்டு பேரு இருக்காங்களே, இன்னொருத்தர் சம்மதம் எங்க?"ன்னு கேட்டாங்க. கூடப் படிக்கிற பொண்ணுங்க, "உனக்கென்ன, உன் தீசிஸ் ஆளு பிரிஞ்சிட்டாரு, எங்க ஆளுங்க அசைய மாட்டேங்கிறாங்க"ன்னு பெருமூச்சு விட்டாங்க. பாலக்காட்டுலேர்ந்து வந்த ஷைஜு, வேணும்னே தன் கைட ரெண்டாப் பிரிச்சு எழுதி ஆபீஸ்ல சீல் குத்திப் பாத்தான். ஒண்ணும் நடக்கல. அவன் கைடு எந்த இடத்துலயும் முழுசா ஒரு ஆளா இருந்ததே இல்ல, எதப் பிரிக்கிறது.

இசக்கி மட்டும் சாப்பிடாமத் திரிஞ்சா. அம்மா போன் போட்டா.

"ஏட்டி, எழுதுனது நீதான? நீயே அழி."

"எம்மா, அழிச்சா அஞ்சாவது அத்தியாயமே போயிரும். அது போனா டாக்டர் பட்டம் போயிரும். ஆறு வருஷம்மா."

"அத எங்கிட்ட சொல்லு, கேக்கேன். அவுகட்ட சொல்லு பாப்போம், 'அப்பா'ன்னு கூப்பிட்டு. கேட்டா எந்தப் பத்திரிகைங்கான்."

இசக்கி போன மறு காதுக்கு மாத்துனா.

"இங்க பாரு. ஒருத்தன் யோக்கியன், ஒருத்தன் அயோக்கியன். யோக்கியன் வீட்டுக்குள்ள வர மாட்டேங்கான், அயோக்கியன் வெளிய போக மாட்டேங்கான். பரோட்டா வாங்கிட்டு வர ரெண்டு பேருக்கும் தோணல. ஒருத்தன்ட்ட துட்டு இல்ல, இன்னொருத்தன்ட்ட வெக்கம் இல்ல. ரெண்டும் எனக்கு வேண்டாம். அந்தப் பழைய திருடனக் கொண்டா."

இசக்கி ஆபீஸுக்குப் போய், தீசிஸத் திருப்பிக் குடுங்கன்னா. சீல் குத்துனதத் திருப்ப முடியாதாம். வாய்மொழித் தேர்வு, அதான் வைவா, அதுல பரீட்சை பண்ண வர்றவரு முன்னால என்ன ஒத்துக்கிறியோ அது திருத்தமாப் பதிவாகும், அதுக்கு முன்னால கடவுளே வந்தாலும் ஒரு கமா மாத்த முடியாதாம். கெல்கர் மேடம்கிட்ட போனா. மேடம் விரல மடக்காமப் பேசுனது அந்த ஒரு நாள்தான்.

"ரெண்டும் ஒரே ஆளுன்னு நீ அங்க சொன்னா, சுரண்டுறவனும் எதுத்துப் போராடுறவனும் ஒரே ஆளாகிடுவான். அப்புறம் உன் தீசிஸ்ல என்ன இருக்கு? ஒரு குடும்பக் கதை இருக்கு. யோசிச்சுக்கோ. உதவித்தொகையும் இந்த மாசத்தோட முடியுது."

வைவா நாளும் வந்துச்சு. அந்தப் பல்கலைக்கழகத்துல வைவான்னா ஊரறிய நடக்கும். யாரும் வரலாம், உக்காரலாம், கேள்வி கேக்கலாம். ஆவுடையம்மா ரெண்டு புருசனையும் ஓட்டிக்கிட்டு ரயில் ஏறிட்டா. வழிபூரா மேல் பெர்த்துக்குச் சண்டை. ராசையா படுத்துக்கிட்டாரு, தவசி கீழ நின்னுக்கிட்டு, உயர்ந்த இடம் எல்லாருக்கும் பொதுன்னு நாக்பூர் வரைக்கும் பேசுனாரு.

பல்கலைக்கழக வாசல்ல ராஜ மரியாதை. ராசையா கழுத்துல 'தகவலாளி ஒன்று'ன்னு அட்டை, தவசி கழுத்துல 'தகவலாளி ரெண்டு'ன்னு அட்டை. ஆவுடையம்மாவுக்கு அட்டை இல்ல. "இவங்க தீசிஸ்ல இல்லையே"ன்னு வாட்ச்மேன் விட மாட்டேன்னுட்டான். அவ காம்பவுண்டச் சுத்திப் போய், மெஸ்ஸுக்குக் காய்கறி போற பின்வாசல் வழியா, பாத்திரம் விளக்குற பொம்பளைங்களோட சேந்து, அவங்க குடுத்த ஒரு வாளியத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துட்டா.

வைவாவுக்கு முன்னால டீ. தவசியச் சுத்திப் பேராசிரியருங்க ஈ மாதிரி மொய்ச்சாங்க. அவரு நொண்டிக்கிட்டே நடந்தா அவங்களும் மெதுவா நடந்தாங்க. ராசையாவ யாரும் திரும்பிப் பாக்கல, பாத்தவங்களும் வாடை அடிக்கிற மாதிரி மூக்கச் சுருக்கிக்கிட்டாங்க. ஆனா ஒரு டீ ஆறுறதுக்குள்ள ரெண்டு பேரும் அவங்கவங்க ஆளக் கண்டுபிடிச்சிட்டாங்க. தவசி மெஸ்ஸுப் பக்கம் போயி, கூட்டுறவங்க, பெருக்குறவங்க, பாத்திரம் கழுவுறவங்க அத்தனை பேரும் காண்ட்ராக்டு, லீவு எடுத்தா வேலை போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டாரு. அவருக்கு இந்தி தெரியாது, ஆனா கைய மடக்கி மேல தூக்குறதுக்கு எந்த ஊர்லயும் ஒரே அர்த்தம்தான். ராசையா நிர்வாக அதிகாரியோட ரூமுக்குப் போயி, பழைய காண்ட்ராக்டர் ஓடிப்போயிட்டான், புது ஆளு தேடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டாரு. அவருக்கும் இந்தி தெரியாது, ஆனா கட்டை விரல ஆள்காட்டி விரல்ல தேய்க்கிறதுக்கும் எந்த ஊர்லயும் ஒரே அர்த்தம்தான். காண்ட்ராக்டுக் கூலிகளோட கண்ணீரப் பத்தி மூணு புத்தகம் எழுதுனவங்க கெல்கர் மேடம். அந்த மெஸ்ஸக் காண்ட்ராக்டுக்கு விட்ட கமிட்டிக்குத் தலைவியும் கெல்கர் மேடம்தான். அவங்கள யாரும் ரெண்டாப் பிரிச்சு எழுதல. அதனால ஒரே கைத்தறிச் சேலைக்குள்ள சௌக்கியமா இருந்தாங்க.

வைவா ஆரம்பிச்சுது. பரீட்சை பண்ண வந்தவரு பட்நாயக்னு ஒரு பெரியவரு. வந்தாரு, உக்காந்தாரு, தூங்கிட்டாரு. இசக்கி பேசுனா. கெல்கர் மேடம் தலையாட்டுனாங்க. கேள்வி கேக்குறேன்னு எந்திரிச்சவங்க, கால் மணி நேரம் தன் ஆராய்ச்சியப் பத்திச் சொல்லிட்டு, "இது கேள்வியில்ல, ஒரு கருத்து"ன்னு உக்காந்தாங்க. முதல் வரிசையில ராசையாவும் தவசியும் நடுவுல ஒரு நாற்காலி விட்டு உக்காந்து, ஆளுக்கொரு டீக் கப்போட, ஒருத்தர ஒருத்தர் மொறச்சுக்கிட்டிருந்தாங்க. இசக்கி பேசப் பேச ரெண்டு பேருமே அவளப் பாத்தாங்க. பஸ்ல எதுத்த சீட்டுல இருக்குற யாரோ ஒருத்தியப் பாக்குற மாதிரி. பின்னால, கதவோரமா, வாளியோட ஆவுடையம்மா நின்னா.

எல்லாம் முடிஞ்சுது, கை தட்டப் போறாங்க, அந்த நேரத்துல பட்நாயக் முழிச்சாரு. கண்ணாடிய மாட்டுனாரு. அஞ்சாவது அத்தியாயத்தப் பெரட்டுனாரு.

"ஒரு சின்ன சந்தேகம். இந்த ராசையா காலையில மட்டும்தான் வர்றாரு. இந்தத் தவசி சாயங்காலம் மட்டும்தான் வர்றாரு. இத்தனை பக்கத்துல ரெண்டு பேரும் ஒரு தடவை கூட ஒருத்தர ஒருத்தர் நேருக்கு நேர் பாத்துக்கல. ஏம்மா?"

கெல்கர் மேடம் தலைய லேசா, ரொம்ப லேசா, வேண்டாம்னு ஆட்டுனாங்க. 'ராசையா சாயங்காலமே தூங்கிவிடுவார்'னு என்னத்தையாவது சொல்லிட்டுப் போயிருந்தா, அன்னைக்கு மத்தியானமே இசக்கி டாக்டரு. இசக்கி முதல் வரிசையப் பாத்தா. தவசி அவளப் பாத்து, தொடருங்க தோழர்ங்கிற மாதிரி மரியாதையாத் தலையசைச்சாரு. அந்த மரியாதைதான் அவளால தாங்க முடியல.

"ரெண்டு பேரும் ஒரே ஆளு சார்"னா. "பேரு சொரிமுத்து. எங்கப்பா. காலையில கழிப்பாரு, சாயங்காலம் கழிக்காதேம்பாரு. நெறையக் கழிச்சா பரோட்டா வாங்கிட்டு வருவாரு. அதத் தின்னுதான் நான் வளந்தேன். தீசிஸ்ல அத விட்டுட்டேன். அவர மறைக்கிறேன் அவர மறைக்கிறேன்னு சொல்லி, நான் பரோட்டா தின்னத மறைச்சுட்டேன்."

பட்நாயக் பேனாவ எடுத்து, ஓரத்துல ஏதோ திருத்தம் எழுதுனாரு. எழுதி முடிச்சு நிமிர்றப்ப, முதல் வரிசையில ரெண்டு நாற்காலி காலியா இருந்துச்சு. நடுவுல காலியா இருந்த நாற்காலியில சொரிமுத்து உக்காந்திருந்தாரு. கழுத்துல ரெண்டு அட்டை. ரெண்டு கையிலயும் ரெண்டு டீக் கப்பு. எத முதல்ல குடிக்கிறதுன்னு தெரியாம ரெண்டையும் மாறி மாறிப் பாத்தாரு. அப்புறம் மேடையப் பாத்தாரு.

"ஏட்டி இசக்கி"ன்னாரு, "என்னட்டி இப்படி மெலிஞ்சு போயிட்ட?"

பின்னால டங்குன்னு வாளி விழுந்துச்சு.

கெல்கர் மேடம் உடனே எந்திரிச்சு, "இதத்தான் நான் முதல்லேர்ந்தே இவகிட்ட 'சொல்லிட்டு' இருக்கேன்"னாங்க. எல்லாரும் குறிச்சுக்கிட்டாங்க. பட்நாயக் அன்பாத்தான் சொன்னாரு: முதுகெலும்பு போயிட்டதால அஞ்சாவது அத்தியாயத்தப் புதுசா எழுதணும், இன்னும் ஒரு வருஷம் இருந்து எழுதிட்டு வா, அப்புறம் பட்டம். உதவித்தொகை இல்லாம ஒரு வருஷம் எங்க இருந்து எழுதுறதுன்னு அவருக்கும் தெரியல. அது அவரு பாடத்துல வராது.

கூடம் கலைஞ்சதும் இசக்கியும் ஆவுடையம்மாவும் வேப்பமரத்தடியில வந்து உக்காந்தாங்க. ஆவுடையம்மா மக தலையத் தடவிக்கிட்டே, "போகட்டும்ட்டி. ஊருக்கு வா. பீடி சுத்து. கழிக்காம எடுத்துக்கச் சொல்லுதேன்"னா. இசக்கி அழுதுக்கிட்டே சிரிச்சா. அப்பா எங்கன்னு பாத்தா. கூடத்துல இல்ல. மெஸ்ஸுப் பக்கம் இல்ல. ரொம்ப நேரங்கழிச்சு, மெயின் கேட்டுப் பக்கத்துலேர்ந்து, நொண்டாம, மீசை இல்லாம, கிணுகிணுன்னு ஒரு சத்தத்தோட சொரிமுத்து நடந்து வந்தாரு. இடுப்புல ஒரு புதுச் சாவிக்கொத்து. தோள்ல ஒரு புதுச் செவப்புத் துண்டு. கையில, எண்ணெய் கசிஞ்ச நியூஸ் பேப்பர்ல, ஒரு பெரிய பொட்டலம்.

இசக்கிக்கு மூக்குலதான் முதல்ல தெரிஞ்சுது.

"அப்பா, என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி. இந்த ஊர்ல பரோட்டா கிடைக்கல. சமோசாதான்."

"சாவி யாருது?"

"அந்த ஆபீசர் ரூம்ல ஒரு மீசைக்காரன் ஏதோ பேசி வச்சிருந்தான் போல. என்னையப் பாத்ததும் கையப் புடிச்சு, கூட்டுற பெருக்குற காண்ட்ராக்ட எங்கிட்ட தந்துட்டாவ. ஒரு வருசத்துக்கு. நீயும் ஒரு வருசம் இங்க இருக்கணும்ல? இருந்து எழுது. செலவப் பத்தி நினைக்காத."

"அப்ப இந்தத் துண்டு?"

"அது அந்த மெஸ்ஸுப் பொம்பளைங்க போட்டது. எவனோ ஒரு நொண்டி வந்து சங்கம் வைக்கிறதாச் சொல்லிட்டுப் போயிருக்கான். என்னையச் செயலாளரா இருக்கச் சொல்லுதாவ. அஞ்சு மணிக்கு மெயின் கேட்டு முன்னால கோஷம்."

"யாருக்கு எதிரா?"

சொரிமுத்து வேப்பமரத்தப் பாத்தாரு. பொட்டலத்தப் பிரிச்சு, அவ மடியில வச்சாரு. சூடா ஆவி வந்துச்சு.

"மொதல்ல சாப்பிடு"ன்னாரு.

மெஸ்ஸுப் பக்கம் யாரோ ஒரு பொம்பள பாத்திரத்தக் கவுத்து வைக்கிற சத்தம் கேட்டுச்சு. ஆவுடையம்மா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு, "வந்துட்டாரு"ன்னா. இசக்கி ஒரு சமோசாவ எடுத்தா. நல்ல மொறுமொறுப்பு. இன்னொண்ணும் எடுத்தா.